கட்டைவிரல் காய்க்க வைத்த கொடி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

வெனிலா ஐஸ்கிரீமின் மணத்தை அறியாதவர் நம்மில் எவருமிலர். அந்த மணம் முதன்முதலில் ஓர் ஆர்க்கிட் கொடியின் காயிலிருந்து கிடைத்தது என்பதை வகுப்பில்தான் அறிந்தேன். அக்கொடியைத் தோட்டத்தில் காய்க்க வைக்கும் எளிய வழியைக் கண்டவன் பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் என்பதை நூலகத்தில் படித்தபோது என் உள்ளம் சிலிர்த்தது. அவன்தான் எட்மண்ட் அல்பியஸ்.

மடகாஸ்கருக்குக் கிழக்கே, பிரெஞ்சுக்காரர் ஆண்ட ரீயூனியன் தீவில், சேந்த் சூசான் என்னும் ஊரில் 1829-ல் எட்மண்ட் பிறந்தான். அவனைப் பெற்றபோதே தாய் இறந்தாள். அடிமைக்குக் குடும்பப் பெயர் கிடையாதாகையால் எட்மண்ட் என்ற ஒற்றைப் பெயரே அவனுக்கு இருந்தது. பெல்லியே போமோன் என்ற தோட்ட முதலாளி அவனை வளர்த்தார். செடிகொடிகளில் பெரும் பற்றுக் கொண்டிருந்த அவர், போகுமிடமெல்லாம் சிறுவனையும் அழைத்துச் சென்றார். பள்ளிக்கூடம் போகாத எட்மண்டுக்குத் தோட்டமே பள்ளியாயிற்று.

வெனிலாவின் தாயகம் மெக்சிகோ. அங்கிருந்து பிற நாடுகளுக்குச் சென்ற கொடிகள் பூத்தன; காய்க்கவில்லை. பூவின் மகரந்தத்திற்கும் சூல்முடிக்கும் இடையே மெல்லிய மடல் ஒன்று திரைபோல் மறைத்து நிற்கிறது. அதைக் கடந்து மகரந்தத்தைச் சேர்க்கும் தேனீக்கள் பிற நாடுகளில் இல்லை. பூவோ ஒரு நாள்கூட முழுமையாக நிலைப்பதில்லை. காலையில் மலர்ந்து அன்றே வாடிவிடும். 1836-ல் பெல்ஜிய அறிஞர் சார்ல் மோரன் செயற்கை முறையில் காய்க்க வைத்தார். எனினும் அவர் முறை தோட்டங்களில் பரவவில்லை. போமோன் தோட்டத்தில் எஞ்சியிருந்த ஒரே கொடி இருபது ஆண்டுகளாக மலடாகவே நின்றது.

1841-ல் ஒருநாள் எட்மண்டுடன் தோட்டத்தில் உலாவிய போமோன், அக்கொடியில் இரண்டு காய்கள் தொங்கக் கண்டு திகைத்தார். தானே காய்க்க வைத்ததாகச் சிறுவன் சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை. பிறகு செய்து காட்டச் சொன்னார். எட்மண்ட் பூவின் உதட்டை விலக்கி, சிறு குச்சியால் அந்த மடலைத் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தைச் சூல்முடியின் மேல் அழுத்தினான். வேலை சில நொடிகளில் முடிந்தது. பூசணி இனக் கொடி ஒன்றில் ஆண்பூவையும் பெண்பூவையும் சேர்க்க முதலாளி முன்பு கற்றுத் தந்திருந்தார். அந்தப் பாடத்தையே சிறுவன் வேறொரு பூவில் சிந்தித்துச் செய்திருந்தான்.

எட்மண்ட் தோட்டந்தோறும் சென்று மற்ற அடிமைகளுக்கும் இதைக் கற்றுக் கொடுத்தான். 1848-ல் அத்தீவு பிரான்சுக்கு அனுப்பிய வெனிலா 50 கிலோ. 1898-ல் அது 200 டன் ஆயிற்று. தீவு செழித்தது. அவனோ?

1848-ல் அடிமைமுறை ஒழிந்தது. விடுதலையோடு அல்பியஸ் என்ற குடும்பப் பெயரும் கிடைத்தது. வேறு செல்வம் எதுவும் கிடைக்கவில்லை. நகருக்குச் சென்று சமையலறை வேலையாளானான். திருட்டு வழக்கில் சிக்கிச் சிறை சென்றான். அவன் தீவுக்குச் செய்த நன்மையை எடுத்துரைத்துப் போமோன் மன்றாடியதால், 1855-ல், தண்டனைக் காலம் முடியுமுன் விடுவிக்கப்பட்டான். பின்னர் ரிஷார் என்ற தாவரவியலார், அம்முறையைத் தாமே முன்னதாகக் கற்பித்ததாக உரிமை கொண்டாடினார். அதை மறுத்துக் கடிதங்கள் எழுதி எட்மண்டின் புகழைக் காத்தவரும் போமோனே. ஆயினும் வறுமை அவனை விடவில்லை. 1880 ஆகஸ்டு 9-ஆம் நாள் சேந்த் சூசானில் ஏழையாகவே மறைந்தான். இன்றும் உலகெங்கும் வெனிலாத் தோட்டங்களில் ஒவ்வொரு பூவையும் அவன் காட்டிய முறையிலேயே கையால் சேர்க்கிறார்கள்.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படிப்பும் அறிவும் எங்கள் வீட்டில் என்னிடமிருந்துதான் தொடங்குகின்றன என்று உள்ளூர ஒரு செருக்குக் கொண்டிருந்தேன். என் தாய் கைநாட்டு வைப்பவர். ஆனால் கூரைமேல் படர்ந்த பூசணியில் விடியற்காலையில் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தொட்டு வைப்பவரும் அவரே. செயற்கை மகரந்தச் சேர்க்கை என்று ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து மதிப்பெண் வாங்கிய எனக்கு, எங்கள் கூரைமேல் நடப்பதும் அதுதான் என்று தோன்றவே இல்லை. எட்மண்டின் வாழ்க்கையைப் படித்த அன்றுதான் தோன்றியது.

அன்றிரவு இக்கதையை என் தாயிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, இவ்வளவு செய்த பிள்ளைக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு நாவெழவில்லை. மறுநாள் பொழுது விடியுமுன் அவருடன் நானும் கூரையேறி, பூவைத் தொட்டு வைக்கக் கற்றுக்கொண்டேன்.

நண்பர்களே, பட்டம் பெறப்போகும் நாம் கைநாட்டு வைக்கும் விரல்களை எளிதாக எண்ண வேண்டாம். வெனிலாவைக் காய்க்க வைத்ததும் ஒரு கட்டைவிரல்தான்.