வள்ளற்பெருமான் மூட்டிய அடுப்பு

இறைவனுக்குத் திருக்கோயில் எடுத்துக் குடமுழுக்குச் செய்தல் பெரும் புண்ணியம். அத்திருநாளில் அன்னம் பாலித்தல் அதனோடு பிரியாத அறம். கொலை தவிர்த்த உணவையும் பசித்தவர்க்குச் சோறிடுதலையும் ஒரே கருணையின் இரு முகங்களாகக் கண்டு, அவற்றையே இறைவழிபாட்டின் வாயிலாக வகுத்தருளிய பெருந்தகையார், அருட்பிரகாச வள்ளலார் என்று தமிழகம் போற்றும் இராமலிங்க அடிகள்.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில், 5-10-1823 அன்று, இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாவது மகவாக அடிகள் அவதரித்தார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையார் சிவபதம் எய்தினார். அன்னையார் மக்களோடு பொன்னேரிப் பகுதியை அடைந்து, பின்னர்ச் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். தமையனார் சபாபதி பிள்ளை புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைத் தாங்கினார். இளையவரோ பள்ளிக் கல்வியில் நாட்டம் கொள்ளாமல், கந்தகோட்டத்து முருகன் சந்நிதியிலும் திருவொற்றியூர்த் தியாகேசர் திருமுன்பும் உள்ளம் உருகிப் பாடினார். 1858இல் நகர வாழ்வை விடுத்துத் தெற்கே சென்று, வடலூரை அடுத்த கருங்குழியில் தங்கினார். 1865இல் சாதி சமய வேற்றுமை பாராட்டாத சன்மார்க்க சங்கத்தை நிறுவினார்.

பசியைப் போல் உயிரை வாட்டும் பிணி வேறில்லை என்பது அடிகளின் உறுதி. பார்வதிபுரத்து மக்கள் மனமுவந்து அளித்த 80 காணி நிலத்தில், 23-5-1867 அன்று சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் காக்கப்பட்டு வருகிறது. அங்கே சமைப்பது மரக்கறி உணவே. உண்பதற்குத் தகுதி பசி ஒன்றே.

புலால் மறுத்தலை அடிகள் ஒரு குலத்தின் ஆசாரமாகக் கொள்ளவில்லை. எல்லா உயிரும் இறைவன் படைப்பு. ஆதலின் ஓர் உயிரைக் கொன்று மற்றோர் உயிரின் பசியைத் தணித்தல் கருணை ஆகாது என்று ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் உரைநடை நூலில் விளக்கினார். தாவரங்களுக்கும் உயிருண்டே, அவற்றை உண்பது கொலையாகாதோ என்னும் ஐயத்தையும் அவரே எழுப்பி விடை தந்தார். விதைகளைக் கொள்வதனாலும், காய் கனிகளைப் பறிப்பதனாலும், நகமும் உரோமமும் களைவதைப் போல உயிர்க்கொலையோ துன்பமோ நேர்வதில்லை என்பது அவ்விடையின் சாரம்.

1872ஆம் ஆண்டுத் தைப்பூசத்தில் சத்திய ஞான சபையில் ஜோதி வழிபாடு தொடங்கிற்று. அதன் உள்ளே புகுவதற்குச் சாதியோ செல்வமோ தகுதியன்று. கொலையும் புலாலும் தவிர்த்திருத்தலே தகுதி என விதித்தார். ஆயினும் தருமச்சாலையில் அத்தகைய விதி இல்லை. புலால் உண்பவராயினும் பசித்து வந்தால் சோறிட வேண்டும் என்றே பணித்தார். சபையின் வாயிலில் கண்டிப்பும் சாலையின் வாயிலில் கனிவும் ஒருங்கே நின்றன. சைவ உணவு கொள்வோர் பிறரை இகழ்வதற்கு இடமில்லை என்பதை இதனினும் தெளிவாக உணர்த்துதல் அரிது.

உடல் நலத்தையும் அடிகள் புறக்கணிக்கவில்லை. அளவோடு உண்ணல், வெந்நீர் பருகல், கரிசலாங்கண்ணி, தூதுவளை முதலிய மூலிகைகளைக் கொள்ளல் ஆகியவற்றை அன்பர்களுக்கு விதித்தார். அவர் கருணையால் கண்ட நெறிக்கு இன்றைய அறிவியலும் துணை நிற்கிறது. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு மையம் 2015இல் அறிவித்தது. மனிதச் செயல்களால் வெளியாகி உலகை வெப்பமாக்கும் வாயுக்களில் 100க்கு 14.5 பங்கு கால்நடை வளர்ப்பால் உண்டாவதாக ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2013இல் கணக்கிட்டது. பருப்பும் கீரையும் தானியமும் கலந்து உண்போர்க்குத் தாவர உணவு போதிய வலிமை தரும். பாலையும் விலக்குவோர் மட்டும் பி-12 உயிர்ச்சத்தை வேறு வழியில் பெறுதல் வேண்டும்.

30-1-1874 அன்று மேட்டுக்குப்பம் சித்திவளாகத்துத் திருமாளிகையில் அடிகள் அருட்பெருஞ்ஜோதியில் கலந்தார் என்பது அன்பர்களின் நம்பிக்கை. அதற்குப் பின், 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை உலுக்கிற்று. பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரம் அந்நாளில் சேர்ந்திருந்த சேலம் மாவட்டமும் அதற்குத் தப்பவில்லை. வானம் பொய்த்தால் வயிறு வாடும் இம்மேட்டு நிலத்தில் பசியின் கொடுமையைப் பாட்டன்மார் அறிவர். சிறிது மழையிலும் விளைந்து குடி காத்த கேழ்வரகு, சாமை, கொள்ளு, அவரை ஆகியவற்றின் அருமையையும் அவர்கள் அறிவர். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணச்சத்து உண்டு. அரிசியில் உள்ளதைவிட இது பன்மடங்கு. ஏழையின் களி என்று ஒதுக்கப்பட்ட உணவே உடலுக்கும் மண்ணுக்கும் உகந்த உணவு.

குடமுழுக்கின் புனித நீர் ஒரு நாளில் கலசத்தின்மேல் பொழிந்துவிடும். அன்று மூட்டிய அன்னதான அடுப்போ, அன்பர்கள் மனம் வைத்தால், தலைமுறைகள் தாண்டியும் எரியும். வடலூர் அதற்குச் சான்று. திருப்பணிக்குப் பொருள் ஈந்த செல்வர்களும், உடல் உழைத்த அடியார்களும், தம் மனையில் கொலையற்ற உணவைப் பேணி, திருக்கோயில் வாயிலில் பசித்து நிற்பவர்க்குப் பேதமின்றிச் சோறிட்டு, வள்ளற்பெருமான் காட்டிய ஜீவகாருண்ய நெறியில் தழைத்தோங்கத் திருவருள் துணை நிற்பதாக.