வேலை கிடைச்சா மட்டும் போதுமா? பார்வையை இழந்த பத்திரிகை முதலாளி ஆர்தர் பியர்சன் கண்டுபிடித்த பதில்!

மாற்றுத்திறனாளி ஒருவருக்கு வேலை வாங்கித் தருவது ஒரு விஷயம். அந்த வேலையில் அவர் பத்து வருஷம் நீடிப்பது வேறு விஷயம். பயிற்சி கொடுத்து, சான்றிதழ் கொடுத்து, போட்டோ எடுத்ததோடு பல திட்டங்கள் முடிந்துவிடும். சிக்கலே அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கும் என்பதை நூறு வருஷத்துக்கு முன்பே புரிந்துகொண்டவர் சர் ஆர்தர் பியர்சன்.

யார் இந்த பியர்சன்?

1866-ல் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். ‘டிட்-பிட்ஸ்’ என்ற வார இதழ் நடத்திய கேள்வி-பதில் போட்டியில் ஜெயித்து, பரிசாக அந்த இதழின் அலுவலகத்திலேயே வேலை வாங்கினார். 1890-ல் சொந்தமாக ஒரு வார இதழ். 1900-ல் ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ நாளிதழ். லண்டன் பேப்பர்களின் முதல் பக்கத்தில் விளம்பரங்கள் நிறைந்திருந்த காலத்தில், அங்கே செய்தியைப் போட்டவர் இவர்.

உச்சத்தில் இருக்கும்போதே கிளாக்கோமா வந்தது. 1908-ல் செய்த அறுவை சிகிச்சை பெரிதாக உதவவில்லை. பார்வை முழுசாகப் போவதற்குள் பத்திரிகைகளை ஒவ்வொன்றாகக் கைமாற்றிவிட்டார்.

பரிதாபம் வேண்டாம், வேலை வேண்டும்

பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனத்தில் அவர் பொறுப்பேற்ற சமயத்தில்தான் முதல் உலகப் போர் வெடித்தது. போர்முனையில் கண்ணை இழந்த இளைஞர்கள் லண்டன் மருத்துவமனைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். அதுவரை பார்வையற்றவர் என்றாலே தெருவோரம், இல்லாவிட்டால் தர்ம விடுதி என்றுதான் பலரும் நினைத்தார்கள். பியர்சன் அதை ஏற்கவில்லை. 1915-ல் ரீஜென்ட்ஸ் பார்க்கில், ஒரு அமெரிக்க வங்கியாளர் கொடுத்து உதவிய பெரிய மாளிகையில் ‘செயின்ட் டன்ஸ்டன்ஸ்’ பயிற்சி விடுதி இயங்கத் தொடங்கியது.

மசாஜ் சிகிச்சை, டெலிபோன் ஆபரேட்டர் வேலை, சுருக்கெழுத்து, தச்சு, கூடை முடைதல், செருப்பு ரிப்பேர், கோழி வளர்ப்பு என்று பட்டியல் நீண்டது. சொல்லிக் கொடுத்தவர்களில் பலர் பார்வையற்றவர்களே. நேற்று பார்வை போனவனிடம் முடியும் என்று சொல்ல, அதைச் செய்து காட்டுகிறவரைவிட யார் பொருத்தம்?

ஊருக்குப் போன பிறகு என்ன ஆச்சு?

கதையில் முக்கியமான இடம் இதுதான். பயிற்சி முடித்த ஒருவர் தன் ஊரில் கூடை முடைகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூலப்பொருளைச் சில்லறையாக வாங்கினால் விலை அதிகம். ஊரில் கூடை வாங்க ஆளும் குறைவு. இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. கைப்பிடி கொஞ்சம் கோணினால் அவருக்குத் தெரியாமல் போகலாம். வாங்குகிறவரோ பாவம் பார்த்து வாயைத் திறக்க மாட்டார், அடுத்த முறை வரவும் மாட்டார். இரக்கமே அவர் பிழைப்பைக் கெடுத்துவிடும்!

இதற்காகவே ‘பின் கவனிப்பு’ என்று தனித் துறையை உருவாக்கினார் பியர்சன். மூலப்பொருளை மொத்தமாக வாங்கி, அடக்க விலைக்கே அனுப்பினார்கள். உள்ளூரில் விலை போகாத சரக்கை விற்றுத் தர ஏற்பாடு இருந்தது. தொழில் தெரிந்த மேற்பார்வையாளர்கள் வீடு தேடி வருவார்கள். வேலையைத் தொட்டுப் பார்த்து, தப்பு இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லித் திருத்துவார்கள். விடுதியை விட்டுக் கிளம்பும்போதே ஒவ்வொருவருக்கும் ஒரு டைப்ரைட்டர் கொடுத்து அனுப்பினார்கள். கடிதம் எழுத அடுத்தவர் கையை எதிர்பார்க்க வேண்டாமே.

இது ஒரு வருஷம், இரண்டு வருஷத்துக்கான உதவி அல்ல. அவர்கள் வாழ்நாள் முழுக்கத் தொடர வேண்டும் என்பதில் பியர்சன் உறுதியாக இருந்தார். போர் முடிந்து நாடு எல்லாவற்றையும் மறக்கத் தொடங்கிய பிறகும் நிதி திரட்டுவதை அவர் நிறுத்தவில்லை. பத்திரிகை விற்ற அதே சாமர்த்தியம் இங்கேயும் கைகொடுத்தது.

ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இவ்வளவு வசதியும் போரில் பார்வை இழந்தவர்களுக்குத்தான். மக்களின் அனுதாபமும் பணமும் அவர்கள் பக்கம் இருந்தது. ஆலை விபத்திலோ நோயிலோ கண்ணை இழந்த சாதாரண தொழிலாளிக்கு இப்படி ஒரு ஏற்பாடு அப்போது கிடைக்கவில்லை.

திடீர் மரணம்

1921 டிசம்பர் 9-ம் தேதி குளியல் தொட்டியில் வழுக்கி விழுந்து, தலையில் அடிபட்டு, தண்ணீரில் மூழ்கி இறந்தார் பியர்சன். வயது 55. அடுத்து தலைவரானவர், சோம் போர்முனையில் பார்வையை இழந்த இயன் ஃப்ரேசர். இருபதுகளில் இருந்த அவர் அதுவரை கவனித்து வந்தது பின் கவனிப்புத் துறையை!

அங்கே பயிற்சி பெற்ற இன்னொருவர், கலிபோலியில் கண்ணை இழந்த நியூசிலாந்துக்காரர் கிளூதா மெக்கன்சி. இரண்டாம் உலகப் போரின்போது அவர் இந்தியா வந்து, பார்வை இழந்த இந்திய வீரர்களுக்காக டேராடூனில் 1943-ல் தொடங்கிய செயின்ட் டன்ஸ்டன்ஸ் விடுதியை நடத்தினார். இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயில் உருவானதிலும் அவருக்குப் பங்கு உண்டு. தமிழ் பிரெயில் அதில் ஒன்று.