லீதியாளின் வீடும் பிலிப்பியருக்கு எழுதிய நிருபமும்

லீதியாளைப் பற்றி வேதாகமம் சொல்வது அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்தில் வரும் சில வசனங்கள் மாத்திரமே. ஆயினும் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தை வாசிக்கும்போது அவருடைய வீட்டையும் நினைவில் வைத்துக்கொண்டால், நிருபத்தின் பொருள் எமக்கு இன்னும் தெளிவாகிறது.

அவரது சொந்த ஊர் தியத்தீரா. இன்று துருக்கியில் அக்கிசார் என வழங்கும் அந்நகரில் சாயத்தொழிலாளர் சங்கம் ஒன்று இருந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. லீதியாள் கடல் கடந்து, மக்கெதோனியாவிலுள்ள உரோமக் குடியேற்ற நகரமான பிலிப்பியில் இரத்தாம்பரம் விற்றார். செல்வரும் பதவியிலுள்ளோரும் உடுத்திய விலையுயர்ந்த ஊதாத் துணி அது. கணவரைப் பற்றிய பேச்சே இல்லை. வீடும் வீட்டாரும் அவருடைய பொறுப்பிலேயே இருந்தனர்.

கி.பி. 50ஆம் ஆண்டளவில் பவுலும் சீலாவும் அங்கு வந்தனர். ஓய்வுநாளில் நகருக்கு வெளியே ஆற்றங்கரையில் ஜெபிக்கக் கூடியிருந்த பெண்களோடு அமர்ந்து பேசினர். ஏற்கெனவே தேவனை வணங்கி வந்த லீதியாளின் இருதயத்தைக் கர்த்தர் திறந்தார். வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்ற அவர், தம் வீட்டில் தங்கும்படி அவர்களை வருந்தி அழைத்தார்.

பின்னர் நிலைமை மாறியது. குறிசொல்லும் அடிமைப் பெண்ணொருத்தியைப் பவுல் விடுவித்ததால் அவளை வைத்துப் பணம் சம்பாதித்தவர்கள் கொதித்தெழுந்தனர். பவுலும் சீலாவும் விசாரணையின்றி அடிக்கப்பட்டுச் சிறையில் இடப்பட்டனர். மறுநாள் விடுதலையானபோது ஊரைவிட்டுப் போகும்படி அதிகாரிகள் கேட்டுக்கொண்டனர். அவர்கள் நேரே சென்றது லீதியாளின் வீட்டுக்கே. விசுவாசிகள் அங்கே கூடியிருந்தனர். பெரிய இடத்து வாடிக்கையாளரை நம்பி வாழும் ஒரு வர்த்தகப் பெண், அவமானப்பட்டவர்களுக்குக் கதவைத் திறப்பது எத்தகைய துணிவு! அவரது தொழிலும் நற்பெயரும் அன்று பணயமாயின.

சில ஆண்டுகளின் பின் பவுல் மீண்டும் சிறையிலிருந்தபோது அந்தச் சபை எப்பாப்பிரோதீத்துவின் கையில் உதவி அனுப்பியது. வந்தவர் மரணத்துக்கு அருகாகும் அளவுக்கு நோயுற்றார். தமது நோயைவிட, அது ஊரவர்களுக்குத் தெரிந்துவிட்டதே என்றுதான் அவர் வருந்தினார். வைத்தியத் தொழிலிலுள்ள நாம் இத்தகைய நோயாளரை விடுதிகளில் எத்தனையோ தடவை கண்டிருக்கிறோம். அவர் குணமடைந்து திரும்பும்போது கொண்டுசென்றதே இந்த நிருபம் என்பர்.

நான்கே அதிகாரங்கள். சிறையிலிருந்து எழுதப்பட்டும் அதில் மீண்டும் மீண்டும் வருவது மகிழ்ச்சி. அதன் நடுவில், தம்மை வெறுமையாக்கி அடிமையின் ரூபமெடுத்த கிறிஸ்துவின் சிந்தை வைக்கப்பட்டுள்ளது. இறுதி அதிகாரத்தில் எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரு பெண்களின் பிணக்கு வருகிறது. யார் சரி, யார் பிழை என்று பவுல் தீர்ப்புச் சொல்லவில்லை. இருவரும் சுவிசேஷப் பணியில் தம்மோடு உழைத்தவர்கள் என்று நினைவூட்டி, ஒருமனப்படும்படி வேண்டுகிறார். அவர்களுக்கு உதவும்படி இன்னொருவரையும் கேட்கிறார்.

லீதியாளின் பெயர் நிருபத்தில் எங்குமே இல்லை. முதன்முதலில் வீட்டைத் திறந்தவர் அவர். ஆனால் அந்த முதன்மையைச் சொல்லிக்கொள்ள அங்கே இடமில்லை. தம்மைத் தாழ்த்துவதைப் போதிக்கும் நிருபத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஆரம்பம் எது?

நூற்றாண்டு விழாவில் பலருடைய பெயர்களை நன்றியோடு வாசிப்போம். வாசிக்கப்படாத பெயர்களும் உண்டு. அவர்கள் திறந்த கதவுகளால்தான் நாம் உள்ளே வந்தோம். நம்மிடையேயும் எயோதியாள், சிந்திகேயாள் இருக்கக்கூடும்: ஒரே வகுப்பில் படித்து, இன்று ஒரே நாட்டில் வாழ்ந்தும் பேசாதிருப்பவர்கள். இந்த மலரை மூடிவைத்ததும் அப்படியொரு தோழியை நாம் அழைப்போமாக. யார் முதலில் பேசினார் என்பது எங்கும் எழுதப்பட வேண்டியதில்லை.