செபமாலை அறிமுகம் செய்த விருந்தாளி

இலங்கையின் திருத்தூதர் என்று நாம் போற்றும் புனித ஜோசப் வாஸ் அடிகளார் 1651-இல் கோவாவில் பிறந்தவர். 1687-இல் அவர் யாழ்ப்பாணம் சென்றபோது, டச்சு ஆட்சியினர் அங்கே கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்தனர். எனவே ஏழைக் கூலியாளாக மாறுவேடத்தில் போய் இறங்கினார். கடும் வயிற்றுப்போக்கால் நலிந்தவரை இரக்கமுள்ளோர் கஞ்சி கொடுத்துக் காப்பாற்றினர். பின்பு கழுத்தில் செபமாலை அணிந்து, வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அதைக் கண்டு உள்ளம் நெகிழ்ந்தவர்களே தம் விசுவாச உறவுகள் என அறிந்துகொண்டார். சில்லாலை மக்கள் ஆபத்தைப் பொருட்படுத்தாமல் அவருக்கு அடைக்கலம் தந்தனர். குருவின்றி வாடிய அவர்களுக்கு மீண்டும் திருப்பலி கிடைத்தது. 1711-இல் கண்டியில் இறக்கும்வரை அவர் தாயகம் திரும்பவில்லை. அந்நிய மண்ணே அவருக்குச் சொந்த வீடாயிற்று.

நம் ஆலயத்தின் கடைசி வரிசையில் தனியே நிற்கும் வெளியூர்க்காரரின் பெயராவது நமக்குத் தெரியுமா? இந்த ஞாயிறு அவரிடம் கேட்போம்.