இதழ் மறைந்த பின்னும் வாழ்ந்த ஆசிரியர்: ஜார்ஜ் பேர்ட் கிரின்னெல்

1930ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் 'ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்' என்னும் வேட்டை இதழ், தன் போட்டி இதழான 'ஃபீல்ட் அண்ட் ஸ்ட்ரீம்' இதழுடன் இணைக்கப்பட்டு மறைந்தது. 1873இல் தொடங்கிய அவ்விதழுக்கு அப்போது வயது 57. அதனை 31 ஆண்டுகள் நடத்திய ஆசிரியர் எண்பதைத் தொட்ட முதுமையில், உடல் நலிந்து, அந்நகரிலேயே வாழ்ந்துகொண்டிருந்தார். ஓர் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் வேட்டைக்காரர் ஒருவருக்கு என்ன இடம் என அன்பர்கள் வினவக்கூடும். இதழ் நடத்தியவர்களும், நடத்திய இதழ் நின்றுபோகக் கண்டவர்களும் நம்மிடையே உளர். அவர்களுக்கு ஜார்ஜ் பேர்ட் கிரின்னெலின் வாழ்க்கை அயலான் கதையாகத் தோன்றாது.

கிரின்னெல் 1849 செப்டம்பர் 20ஆம் நாள் புரூக்ளினில் ஒரு வணிகக் குடும்பத்தில் பிறந்தார். 1857இல் அக்குடும்பம் நியூயார்க் தீவின் வடபகுதியில் 'ஆடுபன் பார்க்' எனப்பட்ட நிலப்பரப்பில் குடியேறியது. பறவை ஓவியர் ஜான் ஜேம்ஸ் ஆடுபன் இறந்து அப்போது ஆறாண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய மனைவி லூசி ஆடுபன் அங்கே சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து வந்தார். அவரிடமே கிரின்னெல் கற்றார். அந்த ஓவியர் பறவைகளைச் சுட்டு வீழ்த்தி, கம்பியால் உயிருள்ளவைபோல் நிறுத்திவைத்துத் தீட்டியவர் என்பது நினைக்கத்தக்கது. துப்பாக்கியும் பறவைக் காதலும் ஒரே வீட்டில் இருந்ததைக் கண்டு வளர்ந்த சிறுவனுக்கு அவை இரண்டும் முரணாகப் படவில்லை. பிற்காலத்திலும் படவில்லை.

யேல் பல்கலைக்கழகத்தில் அவர் சிறந்த மாணவரல்லர். ஆயினும் 1870இல் பட்டம் பெற்றவுடன், பேராசிரியர் மார்ஷ் மேற்குநிலங்களுக்கு நடத்திச் சென்ற புதைபடிவத் தேடலில் சேர்ந்தார். அப்பயணம் அவரை மாற்றியது. 1872இல் பாவ்னி பழங்குடியினரின் காட்டெருமை வேட்டையில் உடன் சென்றார். 1874இல் தளபதி கஸ்டரின் கருங்குன்றப் பயணத்தில் இயற்கையியலாளராகப் பணியாற்றினார். 1876இல் கஸ்டர் மீண்டும் அழைத்தபோது, அருங்காட்சியகப் பணி மிகுதியால் மறுத்துவிட்டார். அப்பயணத்தில்தான் கஸ்டரும் அவர்தம் படையும் லிட்டில் பிக்ஹார்னில் அழிந்தனர்.

இவற்றுக்கிடையே 1875இல் யெல்லோஸ்டோன் சென்ற ஒரு குழுவில் அவர் இருந்தார். அது உலகின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. முந்திய குளிர்காலத்தில் மட்டும், தோலுக்காகவே, அப்பள்ளத்தாக்கின் ஒரு பகுதியில் 3000 எல்க் மான்களுக்குக் குறையாமல் கொல்லப்பட்டதாக அவர் அறிந்தார். தோலை உரித்துக்கொண்டு இறைச்சியை அழுகவிட்டுச் சென்றிருந்தனர். குழுவின் அறிக்கையோடு அவர் இணைத்த கடிதம், இக்கொலையைத் தடுக்க அரசு விரைந்து செயற்பட வேண்டும் என்று முறையிட்டது. பலன் ஒன்றுமில்லை. அரசுக்கு எழுதிப் பயனில்லை என்றால் எவருக்கு எழுதுவது என்னும் கேள்விக்கு அவர் கண்ட விடையே அவருடைய எஞ்சிய வாழ்க்கை எனலாம்.

சார்லஸ் ஹாலக் என்பவர் தொடங்கிய 'ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்' வார இதழில் 1876 முதல் இயற்கை வரலாற்றுப் பகுதியை அவர் கவனித்து வந்தார். 1880இல் யேலில் எலும்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். பாலைநிலத்தில் ஓடித்திரியும் ஒரு குயிலினப் பறவையின் எலும்புகளே ஆய்வுப் பொருள். அதே ஆண்டில் இதழின் ஆசிரியப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. முனைவர் பட்டத்துடன் கல்லூரிக்குச் செல்லாமல் ஒரு வேட்டை இதழின் அலுவலகத்துக்குச் சென்றவரை, அப்பட்டத்துக்காகப் பல ஆண்டுகள் நூலகத்தில் கழித்த என்னால் வியக்காமல் இருக்க இயலவில்லை.

அவ்விதழின் பக்கங்களை இன்று புரட்டுபவர், இஃது எப்படிப் புரட்சி செய்தது என்றே ஐயுறுவார். துப்பாக்கி, வெடிமருந்து, தூண்டில் விளம்பரங்கள். நாய் வளர்ப்புக்கு ஒரு பகுதி, படகுக்கு ஒரு பகுதி. குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் இன்னார் இத்தனை இலக்கை வீழ்த்தினார் என்னும் முடிவில்லாப் பட்டியல்கள். அப்போட்டிகளில் உயிருள்ள பயணிப் புறாக்களைக் கூண்டிலிருந்து பறக்கவிட்டு இரட்டைக்குழல் துப்பாக்கியால் சுட்ட காலம் அது. களிமண் தட்டுகள் 1880இல்தான் வந்தன. அப்புறா இனத்தின் கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1ஆம் நாள் சின்சினாட்டி உயிர்க்காட்சிச் சாலையில் இறந்தது.

இதழின் உயிர் விளம்பரத்தில் இல்லை. வாசகர் கடிதங்களில் இருந்தது. எந்த ஏரியில் வாத்து குறைந்தது, எந்த மாவட்டத்தில் சட்டத்தை மீறிச் சுடுகின்றனர் என்று நாடெங்கிலுமிருந்து எழுதினர். முகமறியாதவர்கள் வாரந்தோறும் ஒருவரையொருவர் படித்தனர். தனித்தனியே துப்பாக்கியேந்தித் திரிந்தவர்கள், தம்மைப்போல் பல்லாயிரவர் உளர் என்பதையும், தம் கையாலேயே தம் வேட்டைநிலம் வெறுமையாகிறது என்பதையும் அங்கேதான் அறிந்தனர். கிரின்னெல் அவர்களைக் கடிந்தார், எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்னார், கொன்றதைப் பெருமையாக எழுதியவர்களை வெட்கச் செய்தார். தம் சந்தாதாரரைத் தாமே குறைகூறும் ஆசிரியர் எக்காலத்திலும் அரியவர்.

1886 பிப்ரவரியில், பெண்டிர் தொப்பிக்காகப் பறவைகள் கொல்லப்படுவதை எதிர்த்து, தம் ஆசிரியையின் குடும்பப் பெயராலேயே 'ஆடுபன் சங்கம்' ஒன்றை இதழ்வழி அறிவித்தார். கட்டணம் இல்லை, உறுதிமொழி மட்டுமே. மூன்றாண்டுகளுக்குள் ஏறத்தாழ 50,000 பேர் சேர்ந்தனர். அதுவே வினையாயிற்று. அத்தனை பேரையும் ஓர் இதழ் அலுவலகம் தாங்க முடியவில்லை. 1889 தொடக்கத்தில் சங்கமும் அதற்கென நடந்த தனி இதழும் நின்றன. இன்றுள்ள ஆடுபன் அமைப்பு 1896 முதல் மாநிலந்தோறும் மற்றவர்கள் புதிதாகக் கட்டியெழுப்பியது.

தியோடர் ரூஸ்வெல்ட்டுடன் அமைந்த நட்பு ஒரு மதிப்புரையில் பிறந்தது. 1885இல் ரூஸ்வெல்ட் எழுதிய வேட்டை நூலைப் பாராட்டிய கிரின்னெல், அதில் செவிவழிச் செய்திகள் உண்மைபோல் கலந்திருப்பதையும் சுட்டினார். நூலாசிரியர் நேரே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். பேசப் பேசச் சினம் தணிந்தது. மதிப்புரை எழுதிப் பகை தேடிக்கொண்ட நம் அன்பர்கள் இதனைப் பொறாமையுடன் படிப்பார்கள். 1887 இறுதியில் இருவரும் பிறரும் சேர்ந்து 'பூன் அண்ட் க்ராக்கெட்' வேட்டையர் கழகத்தை நிறுவினர்.

அடுத்து வந்ததே இதழின் பெரும்பொழுது. யெல்லோஸ்டோனில் விலங்கைக் கொல்பவனுக்குத் தண்டனை இல்லை. பூங்காவிலிருந்து வெளியேற்றலாம், அவ்வளவே. 1894 மார்ச்சில் கடும் பனிக்கிடையே ஹோவெல் என்னும் கள்ள வேட்டைக்காரன் காட்டெருமைகளைக் கொன்று தோலுரித்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டான். 'ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்' இதழின் செய்தியாளர் எமர்சன் ஹஃப் அப்போது பூங்காவில் இருந்தார். செய்தி உடனே தந்தியில் பறந்தது. கிரின்னெல் அதனை வாளாக ஏந்தினார். வாசகர்கள் தத்தம் பிரதிநிதிகளுக்கு எழுதினர். 1875 முறையீடு சாதிக்காததை ஒரு வார இதழ் இரண்டே மாதங்களில் சாதித்தது: மே 7ஆம் நாள் பூங்கா விலங்குகளைக் காக்கும் சட்டம் கையொப்பமாயிற்று. எனினும் அடுத்த சில ஆண்டுகளில் அங்கிருந்த காட்டெருமைகள் இருபத்துச் சொச்சமாகக் குறைந்த பின்னரே மீண்டும் பெருகத் தொடங்கின.

அதே ஆண்டு பிப்ரவரியில், வேட்டை விலங்கின் விற்பனையையே எல்லாப் பருவத்திலும் தடை செய்ய வேண்டுமென அவர் தலையங்கம் எழுதினார். இக்கருத்து மெல்ல மெல்லச் சட்டமாயிற்று. ஒன்று சொல்ல வேண்டும்: பொழுதுபோக்குக்குச் சுடுபவருக்கு உரிமையும் வயிற்றுக்குச் சுட்டு விற்பவருக்குத் தடையும் என்னும் இவ்வழக்கில் வர்க்கத்தின் நிறம் உண்டு. பிளாக்ஃபீட் மக்கள் செய்தியில் என் மனம் இன்னும் ஒப்பவில்லை. அம்மக்களின் கதைகளைத் தொகுத்தவர், அவர்களுக்காக அரசிடம் வாதாடியவர், 1895இல் அரசின் ஆணையாளர் மூவருள் ஒருவராக அமர்ந்து அவர்தம் மலைகளை 15 லட்சம் டாலருக்கு வாங்கும் உடன்பாட்டைச் செய்தார். அம்மலைகள் 1910இல் கிளேசியர் தேசியப் பூங்காவில் அடங்கின. ஒரு பனியாறு இன்றும் கிரின்னெல் பெயரைத் தாங்கி உருகிக்கொண்டிருக்கிறது.

1911இல் அவர் இதழை விட்டு விலகினார். செயேன் மக்களைப் பற்றிய நூல்கள் காத்திருந்தன. 1915இலும் 1923இலும் அவை வெளிவந்தன. பருவந்தோறும் வந்து போகிறவர் என்பதால் அம்மக்கள் அவரைப் பறவை என்னும் பொருளுடைய சொல்லால் அழைத்தனர்.

அவரின்றி இதழ் தேய்ந்தது. 'ஃபீல்ட் அண்ட் ஸ்ட்ரீம்', 'அவுட்டோர் லைஃப்' போன்ற மாத இதழ்கள் வண்ண அட்டையும் விறுவிறுப்பான கதையும் எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்னும் அறிவுரையுமாக வாசகரை ஈர்த்தன. 1915இல் 'ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்' தானும் மாத இதழாயிற்று. வாரந்தோறும் சென்று வந்த கடிதம் மாதத்துக்கு ஒருமுறை என்றானபோது உரையாடல் அறுந்தது என்பது என் கணிப்பு. அது கேட்ட சட்டங்களுள் பெரும்பாலானவை வந்துவிட்டதும் மற்றொரு காரணமாகலாம்.

இணைப்புக்கு முந்திய ஆண்டே கிரின்னெலுக்கு மாரடைப்பு வந்திருந்தது. 1938 ஏப்ரல் 11ஆம் நாள் அவர் மறைந்தார்; வுட்லான் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். அவர்தம் இதழை விழுங்கிய 'ஃபீல்ட் அண்ட் ஸ்ட்ரீம்' இதழும் 2020களின் தொடக்கத்தில் அச்சை நிறுத்தித் திரையில் மட்டும் வாழ்ந்தது. 2024இல் இசைக்கலைஞர் இருவர் அப்பெயரை வாங்கி மீண்டும் தாளில் கொணர்ந்தனர், ஆண்டுக்கு இரண்டு இதழாக.