விஷ ஊரின் கதைசொல்லி

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் விஷச்சாராயம் உயிர்களைப் பறித்தபோது, நான் மீண்டும் கையிலெடுத்தது டேஷியல் ஹேமட்டின் நாவலை.

1894-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் பிறந்த ஹேமட், பிங்கர்டன் நிறுவனத்தில் துப்பறிவாளராக இருந்தவர். காசநோய் அவரை எழுத்தின் பக்கம் திருப்பியது. மதுவிலக்குக் காலத்தில், 1929-இல் வெளியான 'ரெட் ஹார்வெஸ்ட்' அவரது முதல் நாவல். வேலைநிறுத்தத்தை முறியடிக்கச் சுரங்க முதலாளி வரவழைத்த அடியாட்களே அதில் ஊரைக் கைப்பற்றுகின்றனர். கள்ளச்சாராயமும் சூதாட்டமும் கொழிக்கின்றன; காவல் துறைத் தலைவரும் அதற்கு உடந்தை. ஊர்ப்பெயரையே விஷ ஊர் என்று பொருள்படத் திரித்து வழங்குகின்றனர் மக்கள். கொலைகள் ஓய்ந்தபின் ஊர் அதே முதலாளியிடம் திரும்புகிறது.

கொலையாளி பிடிபட்டதும் ஒழுங்கு மீண்டுவிடும் என்ற ஆறுதலை ஹேமட் தருவதில்லை. அவருடைய இருள் நம்மை ஈர்ப்பது அந்த நேர்மையால்தான்.

1934-க்குப் பின் அவர் நாவல் எதையும் வெளியிடவில்லை. 1951-இல், பிணைநிதிக்குப் பணம் அளித்தோரின் பெயர்களைச் சொல்ல மறுத்துச் சிறை சென்றார். 1961-இல் வரிக்கடனோடு மறைந்தார்.

கல்வராயன் மலையில் சாராய ஊறல் அழிக்கப்பட்டதாகச் செய்தி வரும்போதெல்லாம் அவரை நினைக்கிறேன். ஊறலைக் கொட்டிக் கவிழ்த்த மறுநாள் ஊர் யார் கையில் இருக்கிறது என்பதே அவர் விட்டுச்சென்ற கேள்வி.