மறைந்த தொடக்கங்களைத் தேடிய குரு

மண்ணின் கீழ்ப்படையிலே ஓர் உயிரினம்; மேற்படையிலே வேறோர் இனம். இரண்டையும் இணைக்கும் உருவம் எங்கே? இவ்விடைவெளியைக் காட்டிக் கூர்ப்பையே மறுப்போர் நம்மிடையேயும் உளர். இதற்கு விளக்கம் தேடியவர்களுள் ஒருவர் இயேசு சபைக் குருவான வண. பிதா பியேர் தெயார் த ஷார்தான்.

1881இல் பிரான்சின் ஓவேர்ன் பகுதியிற் பிறந்த அன்னார், 1899இல் சபையிற் சேர்ந்து 1911இல் குருப்பட்டம் பெற்றார். முதலாம் உலகப் போரில் காயமுற்றோரைச் சுமந்து செல்லும் பணி செய்தார். 1923இல் சீனா சென்றார். பீக்கிங் மனிதனின் மண்டையோடு 1929இல் கிடைத்த இடத்தின் மண்படைகளை ஆராய்ந்த புவியியலாளருள் அவரும் ஒருவர். உலகம் அவரை அறிந்தது அதனால். நாம் இங்கு கூற வந்ததோ ஓர் எலியைப் பற்றி.

வளை தோண்டி நிலத்தினுள் வாழும் அந்த எலிக் குடும்பத்தின் உயிர்ச்சுவடுகள் வட சீனாவிற் படைக்குப் படை கிடைத்தன. பழைய படைகளிற் கடைவாய்ப் பற்களுக்கு வேருண்டு. மேலே வர வர வேர் மறைந்து, அவை வாழ்நாள் முழுதும் வளரும் பற்களாகின்றன. உடல் பருக்கிறது, கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. தனித்தனியே பிரிந்த மூன்று கிளைகளிலும் மாற்றம் ஒரே திசையிற் சென்றிருந்தது! யுத்தத்தாற் பீக்கிங்கில் முடங்கியிருந்த காலத்தில், 1942இல், இவ்வாய்வை வெளியிட்டார்.

கிளைகள் தெரிந்தன, அவை பிரிந்த கணு தெரியவில்லை. ஏன்? புதிய இனம் தோன்றும்போது அதன் தொகை சிறிது, வாழிடமும் சிறிது. இறக்கும் உயிர்களில் மிகச் சிலவே கல்லாகி எஞ்சுகின்றன; அந்தச் சிறு தொகையில் எது எஞ்சும்? இனம் பெருகிப் பரவிய பின்னரே அதன் எலும்பு நம் கைக்கு எட்டுகிறது. ஆதலால் அது திடீரெனத் தோன்றியது போலிருக்கிறது என்பது அவர் விளக்கம்.

1972இல் எல்ட்ரெட்ஜ், கூல்ட் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் வேறு விதமாகக் கூறினர்: சிறு தொகுதியில் மாற்றம் விரைந்து நிகழும், பின்னர் இனம் நெடுங்காலம் பெரிதும் மாறாதிருக்கும். இடைவெளியைச் சான்றுக் குறைவென்று மட்டும் தள்ளாத இவர்கள் தெயாரைவிட ஒரு படி முன்சென்றனர் என்றே கருதுகிறோம். தொடக்கம் சிறு தொகையில் என்பது இரு சாராருக்கும் பொது.

தெயார் தம் விளக்கத்தை விரித்தெழுதிய 'மனிதன் என்னும் தோற்றப்பாடு' என்ற நூலை வெளியிட மேலிடம் அனுமதிக்கவில்லை. அவர் பணிந்தார், சபையை விட்டு நீங்கவுமில்லை. 1955 ஏப்ரல் 10, உயிர்த்த ஞாயிறன்று, நியூயோர்க்கில் இறந்தார். நூல் அவ்வாண்டிலேயே அச்சேறியது. 1962இல் அவரது எழுத்துகள் குறித்து உரோமை எச்சரிக்கை விடுத்தது. 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் தமது சுற்றுமடலின் அடிக்குறிப்பொன்றில் அவரது பங்களிப்பைக் குறிப்பிட்டார்.